ஒரு டப்பா புண்ணாக்கு

"யோவ் பாய்! வெளிய வாய்யா! ஊரை ஏமாத்திட்டு உள்ள குந்திக்கினு இன்னா பண்றே?"

இருசப்பன் போட்ட சத்தத்தில் கோவளம் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் குப்பத்து மீனவன் அவன். போன மாதம்தான் ஹயாத் பாஷாவிடம் எருமை வாங்கிப் போனான். இப்போது அதே எருமையை இழுத்து வந்து அவர் வாசலில் நிறுத்தியிருந்தான். அதன் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

பாஷா ஏற்கெனவே கடுகடுப்பில் இருந்தார். ஒரு மாதமாக டீ தண்ணீராக இருக்கிறதென்று காலையில்தான் டீக்கடை தாவீதைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னாடா வாய் நீளுது? யாரை ஏமாத்தினேன்?"

"எட்டு லிட்டர் கறக்கும்னுதானே குடுத்தே? மூணைத் தாண்டல! வலையை வித்து வாங்கினேன் பாய். இனிமே கடலுக்கும் போவ முடியாது. எம்புள்ளைங்க கஞ்சி குடிக்கிறது இத்த நம்பித்தான். துட்டைக் குடுத்துட்டு உன் எருமைய நீயே கட்டிக்கோ!"

"இன்னா தீனி போட்டே?"

இருசப்பன் கையிலிருந்த பால் பவுடர் டப்பாவைத் தரையில் வீசினான். அது உருண்டுபோய் பாஷாவின் காலடியில் நின்றது.

"நீ போட்டதத்தான் நானும் போட்டேன்! வேளைக்கு இதுல ஒரு டப்பா புண்ணாக்கு, மிச்சம் வைக்கோல். கயிறைக்கூட அவுத்துக்கினு மாட்டைக் குடுத்த ஆளு, இந்த டப்பாவை மட்டும் நீயே குடுத்தியே! 'மேல போட்டா கொழுப்பு வச்சிப் பால் வத்திடும்'னு சொன்னியே!"

சொன்னவர்தான். மாடு விற்பவர் கயிற்றைத் தரமாட்டார் என்பது எல்லா ஊர் வழக்கமும். டப்பாவைத் தந்தது பாஷாவின் பெருமை. போன வருஷம், எழுபத்து நாலில், மழை பொய்த்து, ஊரே தீவனத்துக்கு ஆலாய்ப் பறந்தபோது, 'ஒரு டப்பாவுக்கு எட்டு லிட்டர்' என்று கேட்பவர் காது புளிக்கப் பேசியவர். கறப்பதும் சாணி அள்ளுவதும் மனைவி ஜஹனாரா. புண்ணாக்கு அளப்பது மட்டும் அவர். புண்ணாக்கு வைத்திருக்கும் அறையின் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர்.

அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு பாஷாவைத் தாண்டிப் போனது. பக்கத்துச் சந்தில் நுழைந்து, பின்வாசல் கதவை முட்டி 'ம்மே' என்று கத்தியது.

"பாத்தியா? நான் வளத்த வளப்பு, வூட்டை மறக்கல!" பாஷாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டுட்டு என்கிட்ட எகிறுறியா? புண்ணாக்கு எங்க போவுதுன்னு உம் பொண்டாட்டியைக் கேளு. உனக்குத் தெரியாம அவதான் வித்துத் தின்னுகினு இருப்பா!"

"ஆதியம்மாளைப் பத்திப் பேசினே, பல்லு கையில வந்துரும்!" இருசப்பன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து விலக்கினார்கள்.

"பள்ளிவாசலுக்கு வாடா!" பாஷாவுக்கு மூச்சு வாங்கியது. "குர்ஆன் மேல கை வெச்சு சத்தியம் பண்றேன். வேளைக்கு ஒரு டப்பாதான் தின்னுது. எட்டு லிட்டர்தான் கறந்துது!"

"வேணாங்க!"

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஜஹனாரா வாசலுக்கு வந்துவிட்டாள். கடைத்தெரு ஆட்கள் முன்னால் அவள் இப்படி வந்து நின்றதே இல்லை.

"பொய் சத்தியம் பண்ணாதீங்க. அடுத்தவன் பொஞ்சாதியத் திருடின்னும் சொல்லாதீங்க. நீங்க ஒரு டப்பா போட்டுட்டு அந்தாண்ட போனதும், நான் மூணு டப்பா போட்டேன். உங்க ஒரு டப்பாவுக்கு அது உயிரோட நின்னுருக்கும், அவ்ளோதான். இருசப்பா, விக்கறப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கணும். இவருக்குப் பயந்து வாயை மூடிக்கினேன், அது என் தப்புதான். கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி நாலு டப்பா போடு. பால் திரும்பும்."

இருசப்பன் குனிந்து கீழே கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டான். பாஷா இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சாவி இங்க கீது. உன் கையில நான் காலணா குடுத்ததில்ல. மூணு டப்பாவுக்கு ஏதுடீ டப்பு?"

"அது எங்கங்க எட்டு லிட்டர் கறந்துது? பத்து கறந்துது! ரெண்டு லிட்டரை தாவீது கடைக்கு ஊத்தித்தான் புண்ணாக்கு வாங்கினேன். ஒரு மாசமா டீ தண்ணியா கீதுன்னு காலைல அவன்கிட்ட மல்லுக்கட்டிட்டு வந்தீங்களே, அது ஏன்னு இப்பவாச்சும் தெரியுதா?"