கல்லில் மினுங்கும் வெள்ளி

மாரிசெல்வி பாலிமர் களிமண்ணில் பவளம், பச்சைக்கல் என்று கம்மலுக்குப் போலிக் கற்கள் செய்கிறாள். கட்டியான மண்ணை முதலில் கைச்சூட்டில் பிசைந்து இளக்க வேண்டும். ஆடியிலிருந்து அவளுக்குப் பிசையும் வேலை இல்லை. தனியாகத்தான் இருக்கிறாள். குளித்துவிட்டு வந்தால், மேஜைமேல் மண் இளகி வெதுவெதுப்பாகக் கிடக்கிறது.

மண் அனுப்பிக் கற்களை வாங்கிக்கொள்ளும் சாத்தூர்க் கடைக்காரி ஜெஸ்லின் போனில் கேட்டாள்.

"கல்லுல வெள்ளியா மினுங்குதே, என்ன பொடி போடுறீக அக்கா?"

"நான் ஒண்ணும் போடலம்மா."

மாரிசெல்வியின் கணவன் பாண்டிராஜ் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் கையிலிருந்து அலுமினியப் பொடி போனதில்லை. சித்திரையில் நடந்த வெடிவிபத்தில் இறந்துபோனான்.

"அடுத்து எந்த மண்ணு அனுப்பட்டும் அக்கா?"

"இருக்கதுலயே கெட்டியானதா அனுப்பும்மா. பெசைய ரொம்ப நேரம் ஆகணும்."