குல்சும் வீட்டுப் பொட்டி

கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து நண்டு வாடை வந்தது. பக்கத் தகட்டைக் கழற்றிய சந்திரமோகன் மூக்கைப் பொத்திக்கொண்டார். உப்புக் காற்று, ஈரச் சாக்கு, கூடை கூடையாக நண்டு. இந்த வீட்டில் மனிதர்கள் இருப்பதே பெரிய விஷயம், எந்திரம் எப்படி நிற்கும் என்று நினைத்தார்.

ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி அவரே கட்டிய கம்ப்யூட்டர் அது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் மின்பிரிவு மேற்பார்வையாளராக இருந்தவர், இனி கம்ப்யூட்டர் செய்து விற்றே பிழைப்பதென்று போன மாதம்தான் வேலையை விட்டிருந்தார். முதல் வாடிக்கை, பழவேற்காட்டு நண்டு வியாபாரி குல்சும். போயும் போயும் தன் திறமை இந்த வீட்டிலா வந்து விடிய வேண்டும் என்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

எட்டாவது தாண்டாத பொம்பளை. மானிட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருந்தாள். கீபோர்டை ஒற்றை விரலால், நண்டுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிப்பதுபோலத் தொடுவாள். சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு வெப்கேமராவில் நண்டைக் காட்டி மைக்கில் விலை பேச வேண்டும், அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் அவ்வளவுதான்.

அந்தப் பேச்சின் நடுவில்தான் பொட்டி அணைந்துவிடும். மறுநாளே பஜார் முழுக்கச் செய்தி பரவிவிடும். குக்கர்கூட விசில் அடித்துவிட்டுத்தான் அடங்குகிறது, இன்ஜினீரு செய்த பொட்டி சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிக்கொள்கிறது என்று அவள் சொன்னது, டீக்கடை வழியாக அவர் காதுக்கே வந்து சேர்ந்தது.

முதலில் சூடுதான் காரணமென்று இன்னொரு ஃபேன் வைத்தார். பிறகு பவர் சப்ளையையே மாற்றினார். தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் ராப்பகலாக ஓடவிட்டார். ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. திருப்பிக் கொண்டுவந்து வைத்த அன்று குல்சுமின் மகள் நௌஷீன் சாயங்காலம் முழுக்க கார் ரேஸ் ஆடினாள், அப்போதும் ஓடியது. மறுநாள் சிங்கப்பூர்க்காரர் திரையில் வந்தார். அணைந்தது.

இந்த வீட்டுக் கரண்ட்டும் வீட்டுக்காரி மாதிரிதான், ஒரு நிதானம் கிடையாது என்று முடிவுகட்டினார் சந்திரமோகன். கைக்காசைப் போட்டு ஒரு யூபிஎஸ் வாங்கிக்கொண்டு, பொன்னேரியில் பஸ் மாறி வந்து இறங்கியிருந்தார்.

இன்று விட்டால் வழியில்லை. குல்சுமின் அண்ணன் சஹாபுதீன் பொன்னேரியில் ஸ்கூல் நடத்துகிறார். கம்ப்யூட்டர் லேபுக்கு மொத்த ஆர்டரும் அவர் கையில். ஒரு விலைப்பேச்சு முடியும்வரை பொட்டி அணையாமல் நின்றால் ஆர்டர் உங்களுக்கு என்று சொல்லி, நேரிலேயே பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அணைந்தால், சந்திரமோகன் ஆலை வாசலில் போய் நின்று விட்ட வேலையைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

தகட்டை மூடி, யூபிஎஸ்ஸை மேஜைக்கடியில் வைத்து, கம்ப்யூட்டர் ஒயரை அதில் சொருகினார். "இனிமே கரண்டே போனாலும் இது தாங்கும். நீங்க எதையும் தொடாம இருந்தா போதும்மா."

"நான் எங்க சார் தொடறேன்? எனக்கு இன்னா தெரியும்?" குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டு மேஜையை ஒட்டி உட்கார்ந்தாள்.

திரையில் சிங்கப்பூர்க்காரர் வந்தார். கொடுக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். உருப்படி சின்னது என்றார், போன தடவை பாதி செத்து வந்தது என்றார். குல்சும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். கடைசியில் அவர் ஒரு விலையைச் சொல்லி, இதற்குமேல் ஒரு காசு ஏற மாட்டேன், சரியா இல்லையா இப்போதே சொல்லுங்கள் என்றார்.

குல்சும் வாயைத் திறந்தாள். திரை கறுத்தது.

சஹாபுதீன் எழுந்தார். லேபுக்கு மெட்ராஸிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

சந்திரமோகன் மேஜைக்கடியில் விழுந்து புகுந்தார். யூபிஎஸ்ஸின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அதன் பொத்தானை, மருதாணி போட்ட கால் கட்டைவிரல் ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் தலையை வெளியே எடுப்பதற்குள் குல்சுமின் செல்போன் அடித்தது. அவள் அதை அடிக்க விட்டாள். ஓய்ந்து மறுபடி அடித்தபிறகுதான் எடுத்தாள். இந்தப் பொட்டியோடு ஒரே பேஜாராக இருக்கிறது என்று சிங்கப்பூர்க்காரரிடம் அழாத குறையாகச் சொன்னாள். வேறு ஒருவரும் கேட்டிருப்பதாகப் போகிற போக்கில் சொல்லிவைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி, உங்களுக்காகத்தான் என்று போனை வைத்தாள்.

"ஏறிட்டாரு," என்றாள்.

பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, செருப்பக் கழட்டினு உள்ள வா. பொட்டி தங்கமான பொட்டி. ஸ்கூலுக்குத் தைரியமா வாங்கு."

சந்திரமோகன் தலையில் ஒட்டடையோடு நின்றார். பிறகு எதற்காக ஒவ்வொரு தடவையும் காலால் அணைத்துவிட்டு ஊர் முழுக்கத் தன் பேரை நாறடித்தாள் என்று கேட்டார்.

குல்சும் மானிட்டருக்கு உறையை மாட்டினாள்.

"நேர்ல பேசுனா, கூடைய மூடினு எழுந்து போயிடுவேன் சார். இதுல எப்டி எழுந்து போறது?"