ஆறாம் நம்பர் அக்கா

"ஆறாம் நம்பர் அக்காதான் வேணும். வேற யாரும் வேண்டாம்."

பெய்லிங் சொன்ன தோரணையில், கல்லாவில் இருந்த பெண் மறுபேச்சில்லாமல் உள்ளே கை காட்டினாள்.

சீனாவின் யாங்சோ நகரில் கால் பிடித்துவிடும் கடைக்கா பஞ்சம்? ஆனாலும் அப்பா புதன்கிழமை தவறாமல், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, தேய்த்த சட்டையில் இங்கேதான் வருகிறார். அம்மா போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. திரைக்குப் பின்னால் அவரும் ஆறாம் நம்பரும் சிரித்ததைப் பக்கத்து வீட்டு மா அத்தை கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சீக்கிரம் சித்தி வந்துவிடுவாள் என்றும் சேர்த்துச் சொன்னாள். அதை முளையிலேயே கிள்ளத்தான் பெய்லிங் வந்திருக்கிறாள்.

ஆறாம் நம்பரான ஷிஃபாங்குக்கு ஐம்பது வயதிருக்கும். மூலிகை வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"காலை வைம்மா. சூடு தாங்குதா?"

"தாங்கும்."

சற்று ஊறியதும் இடது காலை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன், வலது கால் ஆகாதா?"

"இதயத்துக்கான இடம் இடது கால்லதானே இருக்கு. இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்."

அம்மாவும் இதையேதான் சொல்வாள். துணிக்கடை வேலையில் பெய்லிங் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தால், வெந்நீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, "கழுதை, நீட்டு காலை" என்பாள். அந்தத் திட்டுக்காகவே பெய்லிங் காலை இழுத்துக்கொள்வாள்.

ஷிஃபாங் உள்ளங்காலில் அழுத்தினாள்.

"வலிக்குதே."

"வலிக்கத்தான் செய்யும். நின்னுக்கிட்டே வேலையா? வீட்டுல பிடிச்சுவிட ஆள் இல்லையா?"

"இருந்தாங்க. போயிட்டாங்க."

சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோய், அழுகைதான் வந்தது. அடக்க அடக்க நிற்கவில்லை.

"அக்கா, புதன்கிழமை வர்றாரே ஷென் யூகுவாங், அவர் பொண்ணு நான். எங்கம்மா இடத்துல இன்னொருத்தரை என்னால பார்க்க முடியாது. அவரை விட்டுடுங்க."

ஷிஃபாங்கின் கை நின்றது. பிறகு சிரித்துவிட்டாள்.

"நான் விட்டாலும் அவர் விடணுமே. என் காலைப் போட்டு அந்தப் பிசை பிசையறார். கூசிச் சிரிச்சே எனக்கு வயிறு வலிக்குது."

"உங்க காலையா?"

"ஆமா. நீ இருக்கற நாற்காலியில நான் இருப்பேன், இந்த முக்காலியில உங்கப்பா இருப்பார். 'நின்னு நின்னு எம்பொண்ணு கால் வீங்கிப்போகுது, அவ அம்மா மாதிரி பிடிச்சுவிடக் கத்துக்குடு'ன்னு வந்தவர், இன்னும் கை பழகலைன்னு உங்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கார்."