ஞாயிறு காலைக் கதவு

என் மனைவிக்கு ஒரு நிறுவனத்தில், கம்ப்யூட்டர் தகவல்கள் அழியாமல் பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் நிர்வாகி வேலை. போன வருஷம் ஒரு ஞாயிறு காலை, மகளையும் அடுப்பையும் என்னிடம் விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஞாயிறுதோறும் அதுவே வழக்கமாயிற்று.

"பாப்பா தலை ஒரே சிக்கு. கொஞ்சம் கதவத் தொறயேன்!"

"சர்வர் படுத்துடுச்சுங்க. இனிமே பேக்கப்தான் பாத்துக்கணும்."

"யாரு பேக்கப்பு?"

"நீங்கதான். பேக்கப் எடுத்து வெச்சா மட்டும் போதாது. அத வெச்சு ஒரு தடவ ஓட்டிப் பாத்தாத்தான் நம்பலாம். ஆபீஸ்ல மாசாமாசம் பாக்கறோம்."

"சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பேரா? பால் வேற பொங்கி வழிஞ்சிடுச்சு!"

"அடுத்த வாரம் சரியா வரும்."

வந்தது. பால் பொங்கி வழியாமலும், மெல்ல மெல்லப் பின்னல் கோணாமலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கண்மூடிய அன்று, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இதுக்கு வைத்தியம் இல்லன்னு போன வருஷமே அவங்ககிட்ட சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

இன்று காலை, பள்ளிக்கூடம் கிளம்பிய மகளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

"வலிக்கவே இல்லப்பா" என்றாள்.

அறைக் கதவு திறந்தே கிடந்தது.