கதவோரத்துப் புகைவாடை

தீ விபத்தில் மூன்று வயது மகளைப் பறிகொடுத்த தாய், வீட்டை விற்றுவிட முடிவுசெய்தாள். சுவர்களை வினிகர் நீரால் கழுவி, இருமுறை பெயின்ட் அடித்த பின்னரும், மகளை நிறுத்தி உயரம் அளந்த கதவோரத்தில் மட்டும் புகைவாடை போகவில்லை.

“வாடையாவது ஒண்ணாவது! என் வேலையிலயா குறை சொல்றீங்க?” என்று பொங்கினார் பெயின்டர்.

“இடுப்பளவுக்குக் குனிஞ்சு பாருங்கண்ணே.”

குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

விற்பனை தள்ளிப்போயிற்று. மூன்றாண்டுகள் கழித்து அது முடிவானதும், கடைசிப் பூச்சுக்கு வந்த பெயின்டர் மறக்காமல் அதே இடத்தில் குனிந்து முகர்ந்தார்.

“போயே போச்சும்மா!”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், நெஞ்சளவு உயரத்தில் அப்படியே நின்றுவிட்டார். வாடை அங்கே இருந்தது.

தாயும் வந்து முகர்ந்தாள்.

“டப்பாவை மூடுங்கண்ணே. வீட்டை விக்கலை” என்றவள், பென்சிலைத் தேடி எடுத்து, அந்த உயரத்தில் ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதினாள்.