மொய்க்குத் திறக்காத பர்ஸ்

உசிலம்பட்டிக் கல்யாண மண்டபத்தில், மாமா வீட்டுக் கல்யாணத்தின் மொய் மேசைக்கு முன்னால் நின்ற தவசிக்கு வேர்த்துக் கொட்டியது. இருபத்தைந்து வயதாகாத பிள்ளைகளுக்கெல்லாம் போனில் இருக்கிற பர்ஸ் சம்மதித்தால்தான் காசு வெளியே வரும். அவனுடைய பர்ஸோ, "அன்பளிப்பா? இந்த மாசத்துக்குப் போதும் தம்பி" என்று மூடிக்கொண்டது.

பின்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னடா மாப்ள, மாமனுக்குச் செய்ய மனசு வரலையா?"

தவசி இளைஞர் உதவி மையத்தைக் கூப்பிட்டு, மாமா வீட்டு மொய்க்குப் பர்ஸ் திறக்க மாட்டேன் என்கிறது என்றான். எடுத்தவள் சிந்தாமணி, பயிற்சியில் இருப்பவள். அவளுக்கு இதுதான் முதல் அழைப்பு. பர்ஸை அதட்டக் கூடாது, பேசித்தான் இணங்க வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"ஸ்பீக்கர்ல போடு தம்பி. ஏன் பர்சு, சொந்தபந்தம்னா செய்ய வேணாமா?"

"அதெல்லாம் வீண் செலவு" என்றது பர்ஸ்.

சிந்தாமணி கொஞ்சம் யோசித்தாள். "தம்பி, உங்க அக்கா கல்யாணத்துக்கு அந்த மாமா என்ன செஞ்சாரு?"

"பத்தாயிரம்க்கா."

"கேட்டியா பர்சு? இது திருப்பிக் குடுக்கிற காசு."

"கடனா! அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" பர்ஸ் சட்டென்று திறந்தது.

"கூட ஆயிரம் சேத்துச் செய்யி தம்பி. அதுதான் முறை."

மைக்கில் தவசியின் பெயரும் பதினோராயிரமும் ஒலித்தன. மாமா அங்கிருந்தே கையை உயர்த்திச் சிரித்தார். அப்பாடா என்று பந்தியில் உட்கார்ந்த தவசி, பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கினான்.

அப்போது பர்ஸ் மெதுவாகக் கேட்டது: "தம்பி, செஞ்சதெல்லாம் திரும்பி வருமில்ல? உங்க கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"