இருபது நிமிட முட்டை

"ராத்தா, இந்தத் தாள்ல ஒரு சைன் வெச்சித் தாங்க. நாலு மணிக்கு முந்தி அனுப்பிரணும்" என்றான் ஹாதிக்.

சுல்பிகா பால் சேர்க்காத பிளேன்ட்டிக் கோப்பையைத் தம்பியின் முன்னால் வைத்தாள். தாளைப் பார்த்தாள். பேனாவைத் தொடவில்லை.

"என்னடா இது?"

"நீங்கதான் சாட்சி எண்டு எழுதிரிக்கன். ரெண்டாயிரத்தி மூணுல, மகா ஓயா சுடுதண்ணிக் கிணத்துல நம்ம போட்ட முட்ட இருபது நிமிசத்துல அவிஞ்சிச்சி எண்டு."

ஹாதிக் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளன். பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்காக, ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. அங்கே ஆறு மாதப் பயிற்சி. இலங்கைக்கு ஒரே ஓர் இடம். புதிதாக ஏதாவது சொல்லும் ஆய்வுத் தலைப்போடு வருகிறவருக்குத்தான் அது. மற்றவர்கள் பெரிய பெரிய தலைப்புகளோடு அலைய, ஹாதிக் ஒரு முட்டையை நம்பிக்கொண்டிருந்தான்.

"போன மாசம் போய் அளந்தன் ராத்தா. ஐம்பத்தஞ்சு டிகிரிதான் இரிக்கி. அந்தச் சூட்டுல நாள் முழுக்கப் போட்டாலும் முட்ட இறுகாது. ஆனா அண்டைக்கு இறுகிச்சே! அப்ப, இந்த இருபத்திரெண்டு வருசத்துல கிணறு ஆறிட்டு. ஏன் ஆறிச்சி? அதுதான் என்ட தலைப்பு."

"அதுக்கு நான் எதுக்கு?"

"எட்டு வயசுப் பொடியன்ட ஞாபகம் மட்டும் போதாதாம். கூட இருந்த ஒருத்தர் கையொப்பம் வெச்சா எடுப்பம் எண்டு அங்கத்தப் பேராசிரியர் எழுதிரிக்கார்."

"எடுத்த படம் ஒண்டும் இல்லையா?"

"படமெல்லாம் சுனாமியோட போயிட்டே."

படம் மட்டுமா போனது? அந்தப் பயணத்துக்கு அடுத்த வருட டிசம்பரில் வாப்பா சீனிமுகம்மதும் கடலோடு போய்விட்டார். உம்மா மௌத்தாகி மூன்று வருடம். மகா ஓயாவுக்கு அன்று உம்மா வரவும் இல்லை. ஆக, சாட்சி என்று இந்த உலகத்தில் சுல்பிகா ஒருத்திதான்.

ஹாதிக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். முகம் எட்டு வயதுக்குப் போய்விட்டது.

"வாப்பா சாரன் யாவாரத்துக்குப் போற வேன். சாரன் கட்டுக்கு மேல நான். வழி முழுக்க, 'மண்ணு எப்பிடி வாப்பா முட்ட அவிக்கும்?' எண்டு கேட்டுக் கேட்டு அவர்ட உசிர எடுத்தன். நீங்கதான் மொகம் தொடைக்கிற லேஞ்சியில முட்டயக் கட்டிக் கிணத்துல எறக்கினீங்க. வாப்பா என்னத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய்க் குரங்கு காட்டினாரு. திரும்பி வந்து பாத்தா அவிஞ்சிரிக்கி! மஞ்சக்கரு மா மாதிரி உதிர்ந்திச்சி. அண்டைக்குப் புடிச்ச பைத்தியம்தான் ராத்தா, இண்டைக்கும் விடல்ல."

சுல்பிகாவுக்குப் புதுச்சாரன் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. வாப்பாவை நினைக்கும்போதெல்லாம் அந்த வாசம்தான் முதலில் வரும்.

"வீட்டுக்கு வந்தா, ஒங்கட புதுப் பேக்குக்குள்ள மிச்ச முட்ட ஒடஞ்சி நாறுது. உம்மா ஒங்களுக்கு ஏசின ஏச்சு!" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். கண் கலங்கியது.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல மனெ. வேற தலைப்புப் பாரு."

ஹாதிக்கின் சிரிப்பு நின்றது. "வாப்பாவோட போன கடைசிப் பயணம். அது ஒங்களுக்கு ஞாபகம் இல்லையா? வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணுங்க பாப்பம்."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை.

"நான் போறது ஒங்களுக்குப் புடிக்கல்ல. அதுதானே?"

"நீ போகணும் எண்டு அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்கிறவள்டா நான்." தாளை அவன் பக்கம் தள்ளினாள். "ஆனா பொய்ச்சாட்சி சொல்ல எனக்கு ஏலாது."

"எது பொய்?"

"அண்டைக்கு வாப்பா உதட்டுல விரல வெச்சி, 'தம்பிக்கிட்ட செல்லிராத மகள்' எண்டாரு. இண்டைக்கு வரைக்கும் செல்லல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தின தடவ அந்தப் பக்கம் யாவாரத்துக்குப் போனவர். அந்தத் தண்ணியில முட்ட அவியாது எண்டு அவருக்குத் தெரியும்டா. கிணத்துல எறக்கின பச்ச முட்டய, நீ குரங்கு பாக்கப் போன நேரம் நான் மாத்தி எடுத்தன்; அதுதான் என்ட பேக்குக்குள்ள ஒடஞ்சது. நீ தின்னது, உம்மா எழும்ப முந்தி, வாப்பா நம்மட குசினியில தன்ட கையால அவிச்சது."